ஸ்கூல் பக்கத்துல செல் டவர்: பிள்ளைங்களுக்கு பாதிப்பு இருக்கான்னு நாங்களே ஆய்வு பண்ணலாமா?

விலங்கியல்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். தென்காசி பக்கத்துல ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில விலங்கியல் எடுக்கேன், 19 வருஷ சர்வீஸ். எங்க காம்பவுண்ட் சுவர்ல இருந்து ஒரு 60 மீட்டர் தள்ளி ஒரு வீட்டு மொட்டைமாடியில செல் டவர் வந்துருக்கு, ஏப்ரல்ல கம்பி நட்டாங்க, லீவு முடிஞ்சு ஜூன்ல வந்து பாக்கப்ப மேல வெள்ளை வெள்ளையா பெட்டி மாட்டி நிக்குது. ஸ்கூல் திறந்து ரெண்டு வாரத்துலயே பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க தலைவலிங்குதுங்க, ராத்திரி தூக்கம் வரலங்குதுங்க, ஒரு பிள்ளை பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. ஊர்ல எல்லாரும் டவர்தான் காரணம்னு சொல்லுதாங்க, பெத்தவங்க வந்து ஹெச்எம்கிட்ட சத்தம் போட்டுட்டுப் போயிட்டாங்க.

எனக்கு இதுல வேகமா முடிவு சொல்ல மனசில்ல. அதனால ப்ளஸ் ஒன் பிள்ளைங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணலாம்னு நெனைக்கேன். எங்க ஸ்கூல்ல 100 பேர், டவரே பக்கத்துல இல்லாத வேற ஒரு ஸ்கூல்ல 100 பேர், ரெண்டு பக்கமும் ஒரே கேள்வித்தாள், கூடவே ஒரு ஞாபகசக்தி டெஸ்ட். இப்படி சவுதியில பண்ணிருக்காங்கன்னு எங்கயோ படிச்சேன். இது சரியா வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, தப்புன்னாலும் சொல்லுங்க.

தாமிரபரணி_அம்மா:
டீச்சர், என் மகளும் ஒன்பதாவதுதான் படிக்கா, வேற ஊர். எங்க தெருவுல டவர் வந்தப்ப நான் மூணு மாசம் தூங்கல, ஜன்னலத் தொறக்கவே பயந்தேன். ஆய்வு கண்டிப்பா பண்ணுங்க. என்ன வந்தாலும் மறைக்காம போடுங்க, அது ஒண்ணுதான் கேக்கேன்.

சைட்_இன்ஜினியர்:
டீச்சர், நான் 14 வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன், டவர் ஏறி ஆன்டெனா கட்டுன ஆளு, இப்ப ஆர்எஃப் பிளானிங், அதாவது சிக்னல் எங்க எவ்வளவு போகணும்னு திட்டம் போடுற வேலை. முதல் கேள்வி, அந்த டவர் ஆன்-ஏர் வந்துருச்சா? பெட்டி மாட்டிருக்குங்கறதுக்காக ஓடுதுன்னு அர்த்தம் இல்ல, ஈபி கனெக்‌ஷன் வராம, ஃபைபர் வராம மாசக்கணக்கா சும்மா நிக்கிற சைட் நிறைய பாத்துருக்கேன். கீழ கேபினெட்ல ஃபேன் ஓடுதான்னு வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க, மீட்டர் வந்துருச்சான்னு கேளுங்க.

ரெண்டாவது, 60 மீட்டர்ங்கறத வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. ஆன்டெனா சிக்னல குடை மாதிரி கீழ கொட்டாது, டார்ச் லைட்ட லேசா குனிச்சுப் பிடிச்ச மாதிரி முன்னாடி அடிக்கும். டவருக்கு நேர் கீழ நிக்கிறவன விட, கொஞ்ச தூரம் தள்ளி ஆன்டெனா உயரத்துக்கு சமமா ரெண்டாவது மாடி ஜன்னல்ல நிக்கிறவனுக்குதான் அதிகம் விழும். நடுவுல ஒரு கான்கிரீட் சுவர் இருந்தா பல மடங்கு குறைஞ்சிரும். அதனால தூரத்த டேப் வச்சு அளந்து ஆய்வு பண்ணா அளவே தப்பாப் போயிரும்.

கரிசல்_காத்து:
இன்ஜினியர் தம்பி சொல்றது டெக்னிக்கலா சரியா இருக்கலாம், ஆனா கம்பெனி ஆளுங்க எப்பவும் இப்படித்தான் பேசுவாங்கன்னு ஜனங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கு. 2012 நவம்பர்ல ராஜஸ்தான் ஹைகோர்ட் ஸ்கூல், ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற டவரை எல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 2017-ல குவாலியர்ல வீட்டுவேலை செய்ற ஒருத்தரு, பக்கத்துவீட்டு டவராலதான் எனக்கு கேன்சர் வந்துச்சுன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி அந்த டவரை நிறுத்த வச்சாரு. 2011-லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு இந்த மாதிரி அலைகள 2பி லிஸ்ட்ல, அதாவது கேன்சர் வர வைக்கலாம்னு சந்தேகப்படுற லிஸ்ட்ல சேத்துருச்சு. இவ்வளவுக்கு அப்புறமும் பிள்ளைங்கள வச்சு சோதிச்சுப் பாத்துட்டு இருக்கணுமா? முதல்ல டவரை எடுங்க, ஆய்வு அப்புறம்.

சமூகமருத்துவ_மாணவி:
டீச்சர், நான் கம்யூனிட்டி மெடிசின் பிஜி ரெண்டாம் வருஷம். நீங்க முடிவ முதல்ல எழுதிட்டு ஆய்வு தேடல, கேள்வியோட வந்திருக்கீங்க, அதுக்காகவே கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நீங்க சொன்ன சவுதி ஆய்வு ரியாத்ல கிங் சவுத் யுனிவர்சிட்டி சுல்தான் மியோ குழு பண்ணது, 2018-ல வந்துச்சு. 13-ல இருந்து 16 வயசு வரைக்கும் பையன்கள் 217 பேர், ரெண்டு ஸ்கூல், ரெண்டுக்கும் 200 மீட்டர் சுற்றளவுக்குள்ள டவர். ஒரு ஸ்கூல்ல கதிர்வீச்சு சதுர சென்டிமீட்டருக்கு 10.021 மைக்ரோவாட், இன்னொண்ணுல 2.010. அதிகமா இருந்த ஸ்கூல் பசங்க கை வேகம், இடஞ்சார்ந்த ஞாபகம் (எது எங்க இருந்துச்சுங்கற ஞாபகம்) ரெண்டுலயும் பின்தங்குனாங்கன்னு முடிவு.

217 பேர்னு சொன்னா பெருசாத் தெரியும். ஆனா டவர் கதிர்வீச்ச பொறுத்தவரைக்கும் அங்க ஒப்பிட்டது ரெண்டே ரெண்டு ஸ்கூல்தான். ஒரு ஸ்கூல் மெயின் ரோட்டு மேல இருக்கலாம், ஹாரன் சத்தத்துல பசங்க தூங்கியிருக்க மாட்டாங்க, ஒரு ஸ்கூல்ல பெத்தவங்க வருமானம் கூட இருக்கலாம், கணக்கு வாத்தியார் நல்லவரா இருக்கலாம், இதுல எது வித்தியாசப்பட்டாலும் அது டவர் கணக்குல ஏறிரும். ரெண்டு ஸ்கூலும் 200 பசங்களும்னு வச்சாலும் சரி, 2000 பசங்கன்னு வச்சாலும் சரி, இந்தக் குழப்பம் தீராது. நீங்க பிளான் பண்றதும் அச்சு அசல் அதே டிசைன்தான், அதனாலதான் சொல்றேன், வேண்டாம்.

இன்னொண்ணையும் கணக்கு போட்டுப் பாருங்க. அந்த 10.021-அ நம்ம ஊர் அலகுக்கு மாத்துனா சதுர மீட்டருக்கு சுமார் 0.1 வாட். இந்தியாவுல 2012 செப்டம்பர்ல இருந்து 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லிமிட் சதுர மீட்டருக்கு 0.45 வாட், சர்வதேச அளவு 4.5, அதுல பத்துல ஒரு பங்கு. அந்த "அதிக" ஸ்கூல்லயே நம்ம லிமிட்டுல நாலுல ஒரு பங்குகூட இல்ல. அவ்வளவு கம்மியான அளவுல மூளைய பாதிக்குதுன்னு சொல்லணும்னா ஆதாரம் ரொம்ப கெட்டியா இருக்கணும். ரெண்டு ஸ்கூல் போதாது.

கரிசல் அண்ணா, உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கோர்ட் உத்தரவு முன்னெச்சரிக்கைக்காக வந்தது, அதுக்கு கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு, ஆனா அத நோய்க்காரணத்துக்கு நிரூபணமா எடுக்க முடியாது. 2பி முடிவும் முக்கியமா ஃபோன காதுல வச்சு நிறைய பேசுனவங்க டேட்டாவ வச்சு வந்தது, டவர் மாதிரி சுற்றுப்புற கதிர்வீச்சுக்கு ஆதாரம் போதாதுன்னுதான் அதே குழு சொல்லுச்சு.

கரிசல்_காத்து:
சரிம்மா, ரெண்டு ஸ்கூல் பத்தாதுங்கறது விளங்குது. ஆனா பெரிய ஆய்வுன்னா பெரிய காசு, அந்தக் காச கம்பெனிதானே குடுக்கும். அப்ப யார நம்புறது?

சமூகமருத்துவ_மாணவி:
கேக்க வேண்டிய கேள்வி அண்ணா. ஜெர்மனியில பவேரியா மாகாணத்துல நாலு ஊர்ல 2006-ல இருந்து 2008 வரைக்கும் ஒரு ஆய்வு பண்ணாங்க, 3000 பேருக்கு மேல, பாதி சின்னப் பிள்ளைங்க, பாதி வளரிளம் பிள்ளைங்க. காசு பாதி அரசாங்கம், பாதி செல் கம்பெனிங்க, ஆனா நிர்வாகம் முழுக்க அவங்க கதிர்வீச்சு பாதுகாப்பு அலுவலகம் கையில, கம்பெனி தலையிட முடியாது.

அதுல எனக்குப் பிடிச்சது அளவெடுத்த விதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில டோசிமீட்டர்னு ஒரு சின்ன கருவிய கட்டிவிட்டாங்க, 24 மணிநேரம். பிள்ளை கிளாஸ்ல இருந்தா, பஸ்ல போனா, வீட்ல படுத்தா, எங்க எவ்வளவு விழுதோ அவ்வளவையும் அது எழுதிக்கும். மதியம் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் தலைவலி, எரிச்சல், சோர்வு இருக்கான்னு பிள்ளைங்களே டைரியில எழுதணும். அளவெல்லாம் லிமிட்டுக்கு ரொம்ப ரொம்ப கீழ. அங்கங்க ஒண்ணு ரெண்டு தொடர்பு தெரிஞ்சுது, ஆனா மதியம் தெரிஞ்சது சாயங்காலம் தெரியல, அதனால தற்செயலா வந்ததா இருக்கலாம்னு அவங்களே எழுதினாங்க. ஆனா ஒரு விஷயத்த மறைக்காம போட்டாங்க, அதிக அளவு இருந்த வளரிளம் பிள்ளைங்ககிட்ட நடத்தைப் பிரச்சனை கூடுதலா இருந்துச்சு. இது ஒரே நேரத்துல எடுத்த கணக்கு, அதனால கதிர்வீச்சுதான் அந்த நடத்தைக்கு காரணமா, இல்ல அந்த மாதிரி பிள்ளைங்க வெளிய சுத்துற இடத்துல அதிகம் விழுதான்னு பிரிக்க முடியல. கம்பெனி காசு கலந்த ஆய்வுலயும் தனக்கு சங்கடமான முடிவ போட்டிருக்காங்கங்கறதுக்காக சொல்றேன்.

லூசர்ன்_அக்கா:
வணக்கம். நான் சுவிஸில லூசர்ன் பக்கம் இருக்கிறன், சொந்த இடம் வவுனியா. இஞ்சயும் வளரிளம் பிள்ளையளை வச்சு ஹெர்மிஸ் எண்டு ஒரு ஆய்வு நடந்தது, பாசலில இருக்கிற நிறுவனத்தில மார்ட்டின் றூஸ்லி எண்ட பேராசிரியற்ற குழு செய்தது, 12 வயதில இருந்து 17 வயது வரைக்கும் கிட்டத்தட்ட 700 பிள்ளையள். ஒருக்கா சோதிச்சுப்போட்டு ஒரு வருசம் கழிச்சுத் திரும்பவும் சோதிச்சவை. பிள்ளையள் சொன்ன கணக்கை மட்டும் நம்பேல்லை, அனுமதி வாங்கிப் ஃபோன் கம்பனியளிட்டயே அழைப்புக் கணக்கை எடுத்தவை.

2018-ல வந்த முடிவில, மூளைக்கு அதிகமாக் கதிர் போன பிள்ளையளுக்கு உருவங்களை ஞாபகம் வச்சிருக்கிற திறன் கொஞ்சம் குறைஞ்சு கிடந்தது. அதுவும் வலது காதில ஃபோனை வச்சுக் கதைக்கிற ஆக்களிட்டத்தான் அது கூடுதலாத் தெரிஞ்சது, ஏனெண்டால் அந்த ஞாபகம் வலது பக்க மூளையோட சம்பந்தப்பட்டது. எனக்கு அதை வாசிக்கேக்க நெஞ்சு திக்கெண்டது, என்ட மகளுக்கும் அப்ப 14. பிறகு வடிவா வாசிச்சால், அந்தக் கதிரில பெரும்பங்கு தங்கட சொந்தப் ஃபோனைக் காதில வச்சுக் கதைக்கிறதால வாறது, ரவரால வாறது மிகச் சின்னப் பங்கு. மெசேஜ் அனுப்புறது, கேம் விளையாடுறதோட அந்த ஞாபகக் குறைவுக்குத் தொடர்பு இல்லை. பருவமாற்றம் நடக்கிற வயது, அதுவும் காரணமா இருக்கலாம் எண்டு அவையளே எழுதினவை. அண்டையில இருந்து மகளுக்கு வயர் ஹெட்செட் வாங்கிக் குடுத்திருக்கிறன், அவ்வளவுதான்.

சைட்_இன்ஜினியர்:
அக்கா சொன்னதத்தான் நான் 14 வருஷமா கத்திட்டு இருக்கேன். ஒரு 4ஜி ஃபோன் அதிகபட்சம் 0.2 வாட்தான் அனுப்பும், டவர் ஆன்டெனா 20 வாட், 40 வாட்னு அனுப்பும், ஆனா டவர் உங்க தலையில இருந்து எத்தனையோ மீட்டர் தள்ளி, ஃபோன் ஒரு சென்டிமீட்டர்ல. அதோட டவர் தூரமா இருந்தா ஃபோன் தொண்டைய கிழிச்சு கத்தணும், பக்கத்துல இருந்தா மெதுவா பேசுனா போதும். கரிசல் அண்ணே சொல்ற மாதிரி டவரை எடுத்துட்டா, அந்தத் தெரு பிள்ளைங்க காதுல இருக்கிற ஃபோன் பவர் ஏறும். மலையடிவார ஊர்ல சிக்னல் ஒரு கோடு இருக்கிறப்ப மணிக்கணக்கா பேசுறதுதான் உடம்புக்கு அதிகமாப் போறது. இத எந்தக் கம்பெனிக்காகவும் சொல்லல அண்ணே, எனக்கும் எட்டாவது படிக்கிற பையன் இருக்கான்.

தாமிரபரணி_அம்மா:
இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் யாருமே சொல்லல தம்பி. நான் டவருக்கு பயந்து ஜன்னல மூடிட்டு, உள்ள சிக்னல் கிடைக்காம அவ மொட்டைமாடி படிக்கட்டுல உக்காந்து தோழிகிட்ட மணிக்கணக்கா பேசுறத விட்டுருக்கேன்.

விலங்கியல்_டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா திரும்பத் திரும்ப வாசிச்சேன். சைட் இன்ஜினியர் சார் கேட்டத விசாரிச்சுட்டேன். டவர் இன்னும் ஓடவே இல்ல. ஈபி மீட்டர் வரல, கேபினெட் பூட்டிக் கெடக்கு, வீட்டுக்காரர் வாடகைகூட இன்னும் வாங்கலயாம்.

அப்ப இந்த தலைவலி? பிள்ளைங்க பொய் சொல்லுதுன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அந்த மயங்கி விழுந்த பிள்ளைய நான்தான் தூக்கிட்டுப் போயி படுக்க வச்சேன். மறுநாள் ஒவ்வொருத்தியா தனியா உக்காத்தி கேட்டேன். பாதிப் பேரு காலையில சாப்பிடாமத்தான் வாராங்க, ஏழே கால் பஸ்ஸ விட்டா அடுத்தது கிடையாது. ரெண்டு பிள்ளைங்களுக்கு போர்டு தெரியல, கண்ணாடி போடணும், வீட்ல சொல்லப் பயம். தூக்கம் வரலன்னு சொன்னதுங்க எல்லாம் விளக்க அணைச்சுட்டு போர்வைக்குள்ள ஃபோன் பாக்குதுங்க. பள்ளிக்கூடத்துல இத்தன வருஷம் இருந்துட்டு இத நான் கேக்காம விட்டுட்டேனேன்னு அன்னைக்கு ராத்திரி பூரா மனசு ஆறல.

சமூகமருத்துவ_மாணவி:
டீச்சர், வருத்தப்படாதீங்க, கேட்டீங்கல்ல. லண்டன்ல இம்பீரியல் காலேஜ் 2014-ல ஸ்கேம்ப்னு ஒரு ஆய்வு தொடங்குச்சு, 39 ஸ்கூல், 11-12 வயசுப் பிள்ளைங்க 6600 பேருக்கு மேல. அதுல இருட்டு ரூம்ல ஃபோன் பாக்குற பிள்ளைங்களுக்கு, லைட்ட போட்டு பாக்குறவங்கள விட தூக்கம் மோசமா இருந்துச்சு. கதிர்வீச்சா திரையா தூக்கமான்னு பிரிக்கிறதுதான் இந்தத் துறையிலயே கஷ்டமான வேலை.

மூளைக்கட்டி பயம் இருக்கிற பெத்தவங்களுக்கு மோபி-கிட்ஸ் ஆய்வு பத்தி சொல்லுங்க. 14 நாடு, அதுல இந்தியாவும் உண்டு, 10-ல இருந்து 24 வயசு வரைக்கும் மூளைக்கட்டி வந்த 899 பேரையும், குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த 1910 பேரையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஏன் குடல்வால்னா அதுக்கும் ஃபோனுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் வரும். ஃபோனால கட்டி வருதுன்னு காரணத் தொடர்பு எதுவும் கிடைக்கல.

இப்ப முக்கியமான விஷயம். டவர் இன்னும் ஓடலன்னா உங்களுக்கு ஒரு அபூர்வ வாய்ப்பு கிடைச்சிருக்கு. ரெண்டு ஸ்கூல விடுங்க, ஒரே ஸ்கூல், அதே பிள்ளைங்க, டவர் ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம், பின்னாடி ரெண்டு மாசம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத்தானே ஒப்பீடு. வருமானம், வாத்தியார், ரோடு எதுவும் மாறாது. ஆனா டவர் என்னைக்கு ஓட ஆரம்பிச்சுதுன்னு பிள்ளைங்களுக்கு தெரியக்கூடாது, தெரிஞ்சா அன்னைக்கே தலைவலிக்கும். 2007-ல இங்கிலாந்துல எசெக்ஸ் யுனிவர்சிட்டியில, எனக்கு சிக்னல் பட்டாலே உடம்பு முடியாதுன்னு சொன்னவங்கள வச்சு பாத்தாங்க, ஓடுதுன்னு தெரிஞ்சப்ப அவங்களுக்கு நெசமாவே உடம்பு சரியில்லாமப் போச்சு, தெரியாதப்ப ஓடுதா இல்லையான்னு அவங்களால கண்டுபிடிக்க முடியல. பரீட்சை வாரத்தையும் கணக்குல எடுக்கணும், அரையாண்டு நேரத்துல தலைவலி தானா கூடும்.

அனுமதி விஷயத்துல ஒழுங்கா இருங்க. நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி 18 வயசுக்குக் கீழ பெத்தவங்க சம்மதம் வேணும், 12 வயசுக்கு மேல பிள்ளையோட எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேணும். பக்கத்து மெடிக்கல் காலேஜ் கம்யூனிட்டி மெடிசின் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, எத்திக்ஸ் கமிட்டி அவங்க மூலமா போகட்டும். ரத்தம் கித்தம் எடுக்க வேண்டாம், டைரி போதும்.

சைட்_இன்ஜினியர்:
அளவுக்கு நான் வழி சொல்றேன். தரங் சஞ்சார்னு மத்திய அரசு போர்ட்டல் 2017-ல இருந்து இருக்கு, உங்க ஊர் டவர் லிமிட்டுக்குள்ள இருக்கான்னு பாக்கலாம், 4000 ரூபாய் கட்டுனா ஆள் வந்து அளந்து ரிப்போர்ட் குடுப்பாங்க. ஓட ஆரம்பிச்ச பிறகு கட்டுங்க, ரெண்டாவது மாடி ஜன்னல்கிட்டயும் அளக்கச் சொல்லி கேளுங்க, கீழ கிரவுண்டுல மட்டும் அளந்துட்டுப் போக விடாதீங்க. ஃபோன் ஆப்ல தெரியிற சிக்னல் நம்பர வச்சு இவ்வளவு கதிர்வீச்சுன்னு எழுதிடாதீங்க, ரெண்டும் வேற வேற.

கரிசல்_காத்து:
நான் டவரை எடுக்கணும்னு சொன்னதுல இருந்து முழுசா மாறல. 2000-லயே இங்கிலாந்துல ஸ்டூவர்ட் கமிட்டி, ஸ்கூலும் பெத்தவங்களும் சம்மதிக்காம அந்த அலையோட முக்கிய வீச்சு ஸ்கூல் இடத்துல விழக்கூடாதுன்னு சொல்லுச்சு. பாதிப்பு இருக்கோ இல்லையோ, கேட்டுட்டு வைக்கணும்ல? எங்க ஊர்ல ஒருத்தன்கூட கேக்கல. ஆனா டீச்சர் பண்றது நல்ல காரியம். அந்த 4000 ரூபாய்ல 1000 என்னோடது, விவரம் தனியா அனுப்புங்க.

விலங்கியல்_டீச்சர்:
கரிசல் அண்ணாச்சி, கண் கலங்கிட்டு. கேட்டுட்டு வைக்கணும்ங்கறதுல நானும் உங்க பக்கம்தான், அத ஹெச்எம் மூலமா பஞ்சாயத்துக்கு எழுதியும் குடுத்துட்டோம்.

மெடிக்கல் காலேஜ்ல இருந்து ஒரு அசிஸ்டென்ட் புரொஃபசர் வந்து பாத்துட்டுப் போனாங்க, கமிட்டிக்கு அனுப்பிருக்காங்க. அது வர வரைக்கும் பிள்ளைங்ககிட்ட ஒரு வரிகூட எழுதி வாங்கப் போறதில்ல. இதுக்கு நடுவுல கண் பரிசோதனை முகாம் ஒண்ணு போட்டாச்சு, அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் கண்ணாடி வந்துருச்சு.

டைரியில இருக்கப் போறது இவ்வளவுதான்: காலையில சாப்பிட்டியா, எத்தன மணிக்கு தூங்குன, விளக்க அணைச்சுட்டு ஃபோன் பாத்தியா, காதுல வச்சு எவ்வளவு நேரம் பேசுன, தலைவலி இருந்துச்சா. டவர் ஓடுற தேதிய சைட் ஆளு ஹெச்எம்கிட்ட மட்டும் சொல்லுவாரு, அவரு ஒரு கவர்ல எழுதி ஒட்டி பீரோவுல வச்சிருவாரு. எனக்கும் தெரியக்கூடாதுன்னு நானே சொல்லிட்டேன், தெரிஞ்சா என் முகத்தப் பாத்தே பிள்ளைங்க கண்டுபிடிச்சிருங்க.

தாமிரபரணி_அம்மா:
டீச்சர் ஒரு சந்தேகம். டவர் ஓட ஆரம்பிச்சா ஃபோன்ல சிக்னல் கோடு கூடுமே, அதப் பாத்து பிள்ளைங்களுக்கு தெரிஞ்சிராதா?

சமூகமருத்துவ_மாணவி:
அம்மா, சரியான இடத்துல பிடிச்சீங்க, எனக்கு இது தோணவே இல்ல. முழுசா மறைக்க முடியாதுதான். அதனால கடைசி நாள் டைரியில ஒரு கேள்வி சேருங்க டீச்சர்: "டவர் எந்தத் தேதியில ஓட ஆரம்பிச்சுதுன்னு நெனைக்க?" எல்லார் பதிலையும் வாங்குனதுக்கு அப்புறம் கவரைப் பிரிங்க. தேதிய சரியா சொன்ன பிள்ளைங்க கணக்க தனியாவும், தப்பா சொன்ன பிள்ளைங்க கணக்க தனியாவும் போடுங்க.

விலங்கியல்_டீச்சர்:
சேத்துட்டேன். கமிட்டி பதில் வந்ததும் இங்கயே எழுதுறேன்.